சாரதிக்கு முன்னால் நடந்தவன்

இந்த வருடம் நம்முடைய வேலைக்கு இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். வாசிக்கக் கஷ்டமென்றால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் சிரிக்கிற இடங்களில் நீங்களும் சிரித்தால் போதும்.

'வைபெல்' என்று சொன்னால் நம் ஆட்களுக்கு விளங்காது. எனக்கு அந்த வேலை கிடைத்த செய்தியை வீட்டில் சொன்னபோது, கன்ரோன் பாராளுமன்றத்தில், அதாவது மாநிலச் சபையில், வேலை என்று மட்டும் சொன்னேன். மனைவியின் முகம் மலர்ந்தது. அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பாதி ஒரு நிறமும் பாதி இன்னொரு நிறமுமான நீண்ட அங்கியைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்பது, சபைத் தலைவர் எங்காவது ஊர்வலம் போனால் அவருக்கு முன்னால் நடப்பது என்றேன். அங்கியைப் போட்டும் காட்டினேன். கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தாள்.

"லூடோ பலகைக்குக் கால் முளைச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள்.

ஷ்லீரன் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் நிலம் கூட்டியவன், பிறகு வேறு கன்ரோனுக்கு மாறிப் பாராளுமன்றக் கட்டடத்தில் நிலம் கூட்டியவன், கடைசியில் அதே நிலத்தில் அசையாமல் நிற்பதற்குச் சம்பளம் வாங்கினேன். பதவி உயர்வு என்றால் அதுதான்.

நிற்பது சுலபமில்லை, பிள்ளைகளே. கால் வலிக்குச் சப்பாத்து இருக்கிறது. கனவுக்குத்தான் மருந்தில்லை. பனிப்புகார் மூடிய கார்த்திகை மாதத்துப் பின்னேரங்களில் அந்த மண்டபம் ஒரு மீன்தொட்டி போல ஆகிவிடும். உறுப்பினர்களின் வாய்கள் திறந்து திறந்து மூடும். சத்தம் எங்கோ தண்ணீருக்கு மேலே கேட்கும். நான் கண்ணைத் திறந்தபடியே கனவு காணப் பழகியிருந்தேன். ஒருநாள் வெளியே தேவாலய மணி அடித்தது. கனவுக்குள் இருந்த நான் சபை முடிந்துவிட்டது என்று தீர்மானித்து, இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தேன். அப்போது நிதிக்குப் பொறுப்பானவர் பேசிக்கொண்டிருந்தார். திறந்த கதவைப் பார்த்தார். அங்கியைப் பார்த்தார். தன் நேரம் முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, இரண்டு வசனத்தில் பேச்சை முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று பின்னேரம் மூன்று கட்சிக்காரர்கள் தனித்தனியாக வந்து எனக்குக் கை கொடுத்தார்கள்.

அந்தப் பிழையில் ஒன்று கற்றுக்கொண்டேன். நமக்கு வாய் இல்லை. ஆனால் இந்த அங்கியோடு கதவைத் தொட்டால், இந்த நாட்டில் அதற்குக் கீழ்ப்படிவார்கள்.

இனி அவரைப் பற்றி. பெயர் சொல்லமாட்டேன், வாய் மூடி நின்றே பழகிவிட்டது. கமரூனில் பிறந்து, ஒரு தச்சுத் தொழிலாளியைக் கல்யாணம் செய்து, எங்கள் கன்ரோனின் கடைசி மலைப் பள்ளத்தாக்குக்கு வந்தவர். அங்கே மலைப்பாதையில் மஞ்சள் பஸ் ஓட்டினார். பள்ளத்தாக்கில் எல்லாரும் அவரைச் 'சாரதி' என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் அரசியலுக்கு வந்த கதை ஒரு பஸ் நேர அட்டவணையில் தொடங்கியது. பின்னேரக் கடைசிப் பஸ்ஸை நிறுத்தப் போவதாகக் கீழே நகரத்தில் தீர்மானித்தார்கள். சாரதி ஊர்க் கூட்டத்தில் எழும்பி, அந்தப் பஸ்ஸில் யார் யார் எங்கே ஏறி ஏன் போகிறார்கள் என்று, ஒரு பெயரும் சொல்லாமல், தரிப்பிடம் தரிப்பிடமாகச் சொன்னாராம். கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் தங்கள் தரிப்பிடம் வரும்போது தலையைக் குனிந்தார்களாம். அந்தப் பஸ்ஸை நிறுத்தவில்லை. அடுத்த தேர்தலில் அவர் ஊர்ச் சபைக்குப் போனார். அதற்குப் பிறகு எங்கள் பாராளுமன்றத்துக்கு வந்தார். ஒவ்வொரு இடத்திலும் அவர்தான் முதலாவது கறுப்பினப் பெண். பத்திரிகைகளுக்கு அதுவே அவரின் முதற்பெயர் மாதிரி. சலிக்கவில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல் பஸ்ஸிலை எப்பவும் ஆக்கள் குறைவுதானே, அண்ணை" என்றார்.

இங்கே ஒரு விளக்கம். சாரதிக்குத் தமிழ் தெரியாது. அவர் என்னை 'ஹெர் வைபெல்' என்று அழகான மலை ஜெர்மனில்தான் கூப்பிட்டார். ஆனால் என் நினைவில் இப்போது எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழிலேயே கதைக்கிறார்கள். நிதிக்குப் பொறுப்பானவர்கூட. வயது போனால் கனவு அப்படித்தான் மொழிபெயர்க்கும்.

அவர் உப தலைவராக இருந்த வருடம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் சபையைப் பார்க்க வந்தது. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்: இங்கே முக்கியமான பதவியில் கறுப்பான ஒருவர் இருக்கிறார் என்று. பிள்ளைகள் நேராக என்னிடம் வந்தார்கள். அங்கி, இரண்டு நிறம், மினுங்கும் பொத்தான், கறுத்த முகம். வேறென்ன சாட்சி வேண்டும்? சாரதி பக்கத்தில் சாதாரண கம்பளிச் சட்டையோடு நின்றார். நான் மறுக்க வாயெடுக்க முன்னரே, "அசையாமல் நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, ஆசிரியையின் ஃபோனை வாங்கி, பிள்ளைகளோடு என்னைப் படம் எடுத்தார். ஆசிரியைக்கு விஷயம் விளங்கியபோது அவரின் முகம் சிவந்த சிவப்பு எந்தக் கன்ரோன் கொடியிலும் கிடையாது.

அவர்கள் போன பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

"ஏன்? நல்ல பங்கீடு தானே. அங்கி உங்களுக்கு, திட்டு எனக்கு" என்றார்.

அவருக்கு எப்படியான கடிதங்கள் வருகின்றன என்று எனக்குத் தெரியும். தபாலை மேலே கொண்டுபோனது நான்தான். அந்த வசனத்தை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் படியிறங்கும்போது அங்கி கொஞ்சம் பாரமாக இருந்தது.

இப்போது அந்தத் தேர்தல் நாள்.

உங்களுக்கு வழக்கம் தெரியும். உப தலைவராக இருந்தவரை அடுத்த வருடம் தலைவராகத் தெரிவு செய்வார்கள். இரகசிய வாக்குத்தான், ஆனால் முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும். அதனால் தலைவரின் ஊரில் காலையிலேயே கொண்டாட்டத்துக்கு அடுப்பு மூட்டிவிடுவார்கள். தனி ரயில் வண்டி ஒன்று நிலையத்தில் காத்திருக்கும். தெரிவானதும் அங்கி போட்டவன் முன்னால் நடக்க, தலைவர் பின்னால் வர, எல்லாரும் ரயிலேறி அந்த ஊருக்குப் போவார்கள். வாத்தியக் குழு, சூப், சீஸ், வைன். கல்யாண வீடு மாதிரி, தாலி மட்டும் இல்லை.

வாக்கெடுப்பு நடக்கும்போது, தெரிவாகப் போகிறவர் வெளியே தாழ்வாரத்தில் காத்திருப்பது எங்கள் சபை வழக்கம். கூட ஒரு வைபெல் நிற்கவேண்டும். அன்று நின்றவன் நான். ஜன்னலுக்கு வெளியே பனிப்புகார் பால் போல நிறைந்திருந்தது. நகரமே இல்லை. எங்கள் இருவரையும் யாரோ ஒரு போத்தலுக்குள் வைத்து மூடியது மாதிரி இருந்தது. சாரதியின் ஃபோன் மட்டும் இடைக்கிடை துடித்தது. ஊரிலிருந்து. சூப் எத்தனை மணிக்குத் தேவை என்று கேட்கிறார்கள் என்றார்.

முதற்சுற்று முடிவு கதவிடுக்கால் கேட்டது. பெரும்பான்மை கிடைக்கவில்லை. நிறைய வெற்று வாக்குகள்.

வெற்று வாக்கு என்பது ஒரு கெட்டிக்காரத்தனமான பொருள். அதில் ஒருவருடைய கையெழுத்தும் இருக்காது, காரணமும் இருக்காது. நிறம் என்று யாரும் எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாம் சுற்றுக்கு வாக்குத் துண்டுகள் கொடுபடும்போது அவருடைய கட்சியின் சபைக் குழுத் தலைவர் வெளியே வந்தார். சட்டத்தரணி, நன்றாக மினுக்கிய உடுப்பு, கெட்ட மனிதர் இல்லை. சாரதியை எல்லாரிடமும் 'எங்கள் முத்து' என்று அறிமுகப்படுத்துவார். மெதுவாகக் கதைத்தார். உள்ளே சிலருக்கு மனத்தில் ஒரு சின்னத் தயக்கம், ஒன்றும் பெரிதில்லை. இரண்டாம் சுற்றுக்கு முன் இரண்டு நிமிடம் பேச அனுமதி எடுத்துத் தருகிறேன். இந்த நாடு உங்களை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி என்று, அந்த மாதிரி, மனத்தைத் தொடும்படி நாலு வார்த்தை. அவ்வளவுதான், கரைந்துவிடுவார்கள் என்றார்.

"எனக்கு முந்தித் தலைவரா இருந்தவர் உப்பிடி நன்றி சொன்னவரோ?" என்று சாரதி கேட்டார்.

"அது வேற."

"என்ன வேற?"

குழுத் தலைவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"நான் இஞ்சை விருந்துக்கு வந்த ஆள் இல்லை" என்றார் சாரதி. "வேலை செய்த ஆள். அந்தக் கதிரை வேணும். ஆனால் கும்பிட்டு வாங்கமாட்டன்."

அவருக்கு அந்தப் பதவி எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். வெறும் ஆசை இல்லை. மேலே ஒரு பள்ளத்தாக்கே அடுப்பு மூட்டிக் காத்திருந்தது. தோற்றால் அவர் அந்த ஊருக்குத்தான் திரும்பிப் போகவேண்டும்.

எனக்கோ உள்ளுக்குள் பதற்றம். நாலு வார்த்தை தானே, சொல்லிவிடுங்கோ மேடம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நம் ஆட்கள் ஒரு வேடிக்கையான சனம். வீட்டில் அம்மாவுக்கு நன்றி சொன்னால், காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். இங்கே வந்த பிறகு பஸ்ஸுக்குள் யாராவது என் காலை மிதித்தால்கூட 'மெர்சி' சொல்லுவேன். வதிவிட அனுமதி தந்ததற்கு, வேலை தந்ததற்கு, வேலையால் நிற்பாட்டியதைக் கடிதத்தில் மரியாதையாக எழுதியதற்கு. என்னிடம் கேட்டிருந்தால் இரண்டு நிமிடமல்ல, பின்னேரம் முழுக்க நன்றி சொல்லியிருப்பேன். நல்லவேளை, வைபெலிடம் யாரும் ஆலோசனை கேட்பதில்லை.

குழுத் தலைவர் உள்ளே போனார். இரண்டாம் சுற்றில் ஒரு புதுப்பெயர் வந்து வென்றது.

இரகசிய வாக்கில் யாருடைய பெயரையும் எழுதலாம். அவர்கள் எழுதியது சாரதியின் சொந்தக் கட்சிக்காரர் ஒருவரின் பெயர். அதே பள்ளத்தாக்கில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர். நல்ல வெள்ளைத் தாடி, யாரோடும் பகையில்லை, வருடத்துக்கு ஒருமுறை பால் விலை பற்றி மட்டும் பேசுவார். அவர் போட்டியிடவே இல்லை. தன் பெயர் வாசிக்கப்பட்டபோது வேறு யாரையோ தேடுவதுபோலத் திரும்பிப் பார்த்தாராம்.

முறைப்படி கேட்டார்கள்: தெரிவை ஏற்றுக்கொள்கிறீர்களா?

பண்ணைக்காரர் எழும்பி, யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்றார். பிறகு தாழ்வாரத்துக்கு வந்தார். முகம் புகாரின் நிறம். பின்னாலேயே குழுத் தலைவர் வேகமாக வருவதைக் கண்டேன். அவர் வந்தால் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். சபையின் அமைதிக்காக, கட்சியின் நன்மைக்காக ஓம், ஏற்கிறேன் என்று சொல்லுங்கள், அடுத்த வருடம் சாரதிக்குக் கொடுக்கலாம். இப்படியான மென்மையான வார்த்தைகளுக்கு முன்னால் அந்த மனிதர் ஒரு நிமிடம்கூடத் தாங்கமாட்டார்.

நான் கதவைச் சாத்தினேன். குழுத் தலைவரின் மூக்குக்கு முன்னால். பிறகு ஒரு விரற்கடை அளவு திறந்து, எனக்கே தெரியாத குரலில் சொன்னேன்: யோசிக்கும் நேரத்தில் கட்சிக்காரர் இந்த வாசலைத் தாண்டக்கூடாது. விதி.

"எந்த விதி?" என்றார் அவர்.

"பழைய விதி" என்றேன்.

அப்படி ஒரு விதி இருக்கவில்லை. அந்த நிமிடத்தில், பயத்தில், என் வாயில் பிறந்தது. ஆனால் சட்டம் படித்த மனிதருக்குத் தனக்குத் தெரியாத விதியைப்போலப் பயம் தருவது வேறொன்றும் இல்லை. மேலிருந்து கீழாக அங்கியைப் பார்த்தார். ஒரு அடி பின்வாங்கினார். நான் கதவை மூடினேன். இப்போது அது உண்மையாகவே விதியாகிவிட்டதாம். புதிய ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். சிரிக்காதீர்கள். இப்படி ஒன்றை நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள். செய்தாலும் முகத்தை மாற்றாதீர்கள்.

தாழ்வாரத்தில் மூன்று பேர். பண்ணைக்காரர் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"நான் கேக்கேல்லை, சாரதி" என்றார்.

"தெரியும்."

"ஏலாது எண்டு சொன்னால் சபையை அவமதிச்ச மாதிரி. ஓம் எண்டால் உங்களை. நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கோ."

சாரதி நினைத்திருந்தால் ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அந்த மனிதர் அதற்காகவே காத்திருந்தார்.

"எத்தினை வருஷம் என்ர பஸ்ஸிலை வந்திருப்பியள்" என்றார் சாரதி. "எங்கை இறங்கவேணும் எண்டு நான் ஒருநாளும் உங்களுக்குச் சொன்னதில்லை."

அவ்வளவுதான். பிறகு அவருடைய மாடுகளைப் பற்றி விசாரித்தார். ஒரு மாடு கன்று போடும் தறுவாயில் நிற்கிறதாம். கால் முன்னால் வருமோ தலை முன்னால் வருமோ என்று இருவரும் வெகு தீவிரமாகக் கதைத்தார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஜன்னலில் புகார் மெல்ல அசைந்தது. ஒரு கணம் அதற்குள் ஒரு மஞ்சள் பஸ் மிதந்து போவதுபோலவும், அதன் ஆசனங்களில் சபை உறுப்பினர்கள் எல்லாரும் சத்தமில்லாமல் உட்கார்ந்து, தங்கள் தரிப்பிடம் எது என்று மறந்துபோய் வெளியே பார்ப்பதுபோலவும் இருந்தது. கன்று போடும் கதையில் கனவு காண என்னால்தான் முடியும்.

பண்ணைக்காரர் தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவர் சபைக்குச் சொன்னது இவ்வளவுதான்: "ஏற்றுக்கொள்ள ஏலாது. வீட்டிலை மாடு கன்று போடப்போகுது. எங்கட வீட்டிலை நேற்றைய உருளைக்கிழங்கு மட்டும்தான் கிடக்கு. சாரதியின்ர ஊரிலை சூப் கொதிச்சு முடிஞ்சுது." பிறகு உட்கார்ந்துவிட்டார். நீதி, சமத்துவம் என்று ஒரு சொல் இல்லை. சபை முதலில் சிரித்தது. பிறகு அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று விளங்கி, அமைதியாகியது.

மூன்றாம் சுற்றில் சாரதி தெரிவானார். தாராளமாக இல்லை. ஆனால் போதும்.

நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் உள்ளே போய் மேடைக்குக் கீழே நின்றார். எல்லாரும் எழும்பிக் கை தட்டத் தயாராக இருந்தார்கள். பூச்செண்டோடு ஒருவர் பாதி எழும்பியும் விட்டார். முறைப்படி கேட்டார்கள்: தெரிவை ஏற்றுக்கொள்கிறீர்களா?

"யோசிக்கக் கொஞ்ச நேரம் வேணும்" என்றார் சாரதி.

பூச்செண்டுக்காரர் மெல்ல உட்கார்ந்தார். சாரதி என்னைக் கடந்து தாழ்வாரத்துக்கு வந்தார். குழுத் தலைவர் ஆசனத்திலிருந்து எழும்பினார், என்னைப் பார்த்தார், விதி நினைவுக்கு வந்திருக்கவேண்டும், திரும்பவும் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

சாரதி ஜன்னலடியில் நின்றார். பழிவாங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்சம் காக்கட்டும் என்று. எனக்கும் உள்ளூரச் சந்தோஷம். ஆனால் நேரம் போகப் போக அவர் முகத்தில் அந்தக் குறும்பு இல்லை. ஃபோன் துடித்தது. எடுக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்தது. இவர் வேண்டாம் என்று சொல்லப் போகிறார். அப்படிச் சொல்ல அவருக்குக் காரணமும் இருந்தது.

வைபெல் வாய் திறக்கக்கூடாது. திறந்தேன்.

"உள்ளை போய் ஓம் எண்டு சொல்லுங்கோ, மேடம். அவையின்ர மனம் மாறிப்போயிடும்."

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை.

"இவ்வளவு வருஷத்திலை எனக்கு விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை, அண்ணை. எங்கையிருந்து வந்தனீர், எப்ப வந்தனீர், இன்னும் எவ்வளவு நாள் இருப்பீர். அதுதான் கேட்டவை. இண்டைக்குத்தான் விருப்பமோ எண்டு கேட்டிருக்கினம். கேள்வியைப் போய் வீணாக்கலாமோ? பொறுங்கோ. யோசிச்சுப் பாக்கிறன்."

உண்மையாகவே யோசித்தார். நான் வாயை மூடிக்கொண்டு கதவில் கை வைத்து நின்றேன். பிள்ளைகளே, என் வேலைக்காலம் முழுவதிலும் நான் சரியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். யாரும் அவசரப்படுத்தாதபடி ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிறகு அவர் சால்வையைச் சரிசெய்தார். தலையை அசைத்தார். திறந்தேன்.

"ஓம்" என்றார் சபை நடுவில் நின்று. "ஏற்றுக்கொள்ளுறன்."

கைதட்டல் முடியுமட்டும் பொறுத்திருந்து, மேடையேறி, கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு, நிகழ்ச்சி நிரலில் அடுத்தது குளிர்கால வீதிப் பராமரிப்பு என்றார்.

பின்னேரம் ரயில் மலையேறியது. ஒரு வளைவில் புகார் கீழே நின்றுவிட, பெட்டி முழுவதும் வெயில் வந்து விழுந்தது. புகார் ஒரு வெள்ளைக் கடலாய் எங்களுக்குக் கீழே அசையாமல் கிடந்தது. சாரதி ஜன்னலில் தலையைச் சாய்த்து நல்ல நித்திரை. ஊர் நிலையத்தில் ரயில் நின்றபோதும் எழும்பவில்லை. நடைமேடையில் வாத்தியக் குழு, பூச்செண்டுகள், பாதி ஊர். எல்லாரும் கதவையே பார்த்தார்கள். முறைப்படி நான்தான் முதலில் இறங்கவேண்டும். அவரை எழுப்பவேண்டும்.

வாத்தியக் குழுவின் தலைவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் வாசலில் நின்று, இன்னொரு பாட்டு வாசியுங்கள் என்று கையால் காட்டினேன்.